விடுமுறைக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை: ஹோமி பாபாவை மாற்றிய பெங்களூரு ஆண்டுகள்

1939-ம் ஆண்டு. கேம்பிரிட்ஜில் 12 ஆண்டுகளாக வாழ்ந்துவந்த 29 வயது இந்திய இயற்பியலாளர் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தார். கொஞ்ச நாள் குடும்பத்தோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போவதுதான் திட்டம். செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் தொடங்கியது. திட்டம் அப்படியே நின்றுபோனது.

அவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 'ராக்கெட் பாய்ஸ்' தொடரிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால், அந்தப் புகழ் வருவதற்கு முன்னால் பெங்களூரில் அவர் கழித்த ஐந்தாறு ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. போர் முடிஞ்சதும் கிளம்பிடலாம் என்ற நினைப்போடு இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தவர், போர் முடிந்தபோது இந்தியாவிலேயே இருப்பது என்று முடிவெடுத்திருந்தார். நடுவில் என்ன நடந்தது?

ஆன்சைட், விசா, பி.ஆர். என்ற பேச்சு ஓயாத ஊர் இது. போகலாமா, போனால் திரும்பணுமா என்ற கேள்வி இங்கே வேலை பார்க்கும் பலரின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்விக்கு பாபாவின் வாழ்க்கையில் ரெடிமேட் பதில் கிடையாது. ஆனால், நாடு என்ற சொல்லுக்கு ஒரே மனிதர் 18 வயதில் கொடுத்த அர்த்தமும் 35 வயதில் கொடுத்த அர்த்தமும் எவ்வளவு வேறு என்பதை அதில் பார்க்க முடியும்.

18 வயது: வீட்டில் போட்ட திட்டம்

பாபா 1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில், வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், ஜாம்ஷெட்ஜி டாடாவின் மகன் சர் டோராப்ஜி டாடாவின் மனைவி. பெங்களூருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. தாத்தா ஹோர்முஸ்ஜி பாபா மைசூர் சமஸ்தானத்தின் கல்வித் துறைத் தலைவராக இருந்தவர். அப்பா வளர்ந்ததே பெங்களூரில்தான்.

1927-ல் பாபா கேம்பிரிட்ஜில் உள்ள கான்வில் அண்ட் கீஸ் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். அப்பாவும் மாமா டோராப்ஜியும் சேர்ந்து போட்ட திட்டம் அது. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடிக்கணும், ஜாம்ஷெட்பூருக்கு வரணும், டாடா ஸ்டீல் ஆலையில் சேரணும்.

பையனுக்கோ இயற்பியல் மேல் பைத்தியம். அடுத்த வருடமே அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். தொழில் நடத்துவதும் இன்ஜினீயர் வேலையும் தன் இயல்புக்கே ஒத்துவராது, தனக்கு இயற்பியல்தான் என்பது அதன் சாரம். அப்பா கோபப்படவில்லை, பேரம் பேசினார். முதலில் இன்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு வாங்கு, அப்புறம் கணிதம் படிக்கவும் நானே பணம் தருகிறேன் என்றார். நம்ம ஊர் அப்பாக்கள் போடும் அதே ஒப்பந்தம்தான்! 1930-ல் பாபா முதல் வகுப்பில் தேறினார். அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இந்தக் கட்டத்தில் இந்தியா என்றால் பாபாவுக்கு என்ன? குடும்பம், கடமை, ஜாம்ஷெட்பூரில் காத்திருக்கும் ஒரு நாற்காலி. அவர் விலகி ஓட நினைத்தது நாட்டைவிட்டு அல்ல, தனக்காக மற்றவர்கள் எழுதிவைத்த எதிர்காலத்தைவிட்டு. ஆனால் 18 வயதில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு பேருக்கு முடியும்?

20-களில்: கேம்பிரிட்ஜ்தான் வீடு

அவர் போய்ச் சேர்ந்த நேரம் அப்படி. இயற்பியல் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. பால் டிராக் அங்கே பாடம் எடுத்தார். 1932-ல் அதே ஊரின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். பாபா ஜூரிச், ரோம், கோபன்ஹேகன் என்று சுற்றி பௌலி, ஃபெர்மி, போர் ஆகியோரின் வட்டங்களில் பழகினார். 1935-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதைப் பற்றிய அவருடைய கணக்கு இன்றும் 'பாபா சிதறல்' என்றே அழைக்கப்படுகிறது. 1937-ல் வால்ட்டர் ஹைட்லருடன் சேர்ந்து காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள் ஒன்று நம் வளிமண்டலத்தில் மோதினால், அதிலிருந்து இரண்டு, அவற்றிலிருந்து நான்கு என்று துகள்கள் மழையாகப் பெருகும். அது எப்படி நடக்கிறது என்பதை அந்தக் கட்டுரை விளக்கியது.

ஓவியம் வரைவார், மேற்கத்திய இசை கேட்பார், ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பொழுதைக் கழிப்பார். பாஸ்போர்ட் பிரிட்டிஷ் இந்தியாவுடையது, பழக்கவழக்கம் பம்பாய் பார்சியுடையது, வேலை முழுக்க ஐரோப்பாவுடையது. இந்த மூன்றும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் இருந்தன. ஏனென்றால் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் அதுவரை வரவில்லை.

30 வயது: காத்திருப்பு அறை

போர் வந்து அந்தக் கட்டாயத்தை உண்டாக்கியது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில், டாடா அறக்கட்டளையின் நிதியில், காஸ்மிக் கதிர் ஆய்வுக்கென்று அவருக்கு ரீடர் பதவி ஒன்று உருவாக்கப்பட்டது. இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று சொல்வார்களே, அதே வளாகம்தான். பாபா பிறந்த அதே 1909-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

அன்றைய பெங்களூரும் ஒரே ஊராக இல்லை. பேட்டைப் பகுதி மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த கண்டோன்மென்ட், பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தது. இந்தியா என்ற சொல்லே வரைபடத்தில் இன்னும் ஒட்டாமல் கிடந்த காலம். அப்படிப்பட்ட ஊருக்கு பாபா வந்தது தற்காலிகமாகத்தான். போருக்குப் பிறகு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு நல்ல பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிடுவது என்ற எண்ணம் அவருக்கு அப்போது உறுதியாகவே இருந்தது.

இங்கே அவருக்கு எதுவும் குறையவில்லை. 1941-ல், 31 வயதில், லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். 1942-ல் கேம்பிரிட்ஜின் ஆடம்ஸ் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு பேராசிரியரும் ஆனார். இவ்வளவு அங்கீகாரம் இருந்தால் கிளம்பிப் போவது இன்னும் சுலபம். ஆனால் அவருடைய மனம் எதிர்த்திசையில் நகர்ந்தது.

எது மாற்றியது?

ஒரே இரவில் எதுவும் நடக்கவில்லை. அவர் அங்கே பார்த்தவற்றை வரிசையாக வைத்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, சி.வி.ராமன். திருச்சியில் பிறந்து, சென்னையில் படித்து, கல்கத்தாவில் செய்த ஆய்வுக்காக 1930-ல் நோபல் பரிசு வென்றவர். 1933-ல் பெங்களூரு கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக வந்தார். நிர்வாகத்துடன் ஏற்பட்ட மோதலில் 1937-ல் அந்தப் பதவியை விட்டாலும், இயற்பியல் துறையை அவர்தான் நடத்திவந்தார். பாபா சேர்ந்தது அவருடைய துறையில்தான். உலகத்தரமான அறிவியலுக்குக் கடல் தாண்டிப் படித்தே ஆகணும் என்று நம்புகிறவருக்கு, ராமன் தினமும் கண்முன் நடமாடும் மறுப்பு. அதே சமயம், நல்ல மூளை இருந்தும் நல்ல நிறுவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ராமனின் நிர்வாகச் சண்டைகளே சாட்சி.

இரண்டாவது, பெங்களூரு இருக்கும் இடம். காஸ்மிக் கதிர்களில் பெரும்பாலானவை மின்னூட்டம் கொண்ட துகள்கள். பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைத்துத் திருப்பிவிடும். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இந்தத் தடை மிக அதிகம். அதனால் அதிக ஆற்றல் கொண்ட துகள்கள் மட்டுமே உள்ளே நுழையும். கேம்பிரிட்ஜில் எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் இந்த வடிகட்டல் கிடைக்காது. பெங்களூரில் அது இலவசம். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் மில்லிகனே இதற்காகத்தான் இந்தியாவுக்கு வந்து பெங்களூரிலும் பலூன்களைப் பறக்கவிட்டார். பாபாவும் தன் கருவிகளை உயரே அனுப்பினார். போருக்காக இங்கே நின்றிருந்த அமெரிக்க விமானப் படையின் விமானங்களில் அவை ஏறின. வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த ஊர், அவருடைய துறைக்கு உலகத்திலேயே நல்ல இடங்களில் ஒன்றாக இருந்தது.

மூன்றாவது, இளைஞர்கள். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்து, போரால் ஊர் திரும்பிய விக்ரம் சாராபாய் அதே வளாகத்தில் ராமனின் வழிகாட்டுதலில் காஸ்மிக் கதிர் ஆய்வு செய்தார். கான்பூரிலிருந்து வந்த ஹரீஷ் சந்திரா 1943 முதல் பாபாவுடன் வேலை செய்தார். 20-களில் பாபா எல்லாரிடமும் கற்றுக்கொண்டவர். இங்கே முதல்முறையாக, மற்றவர்கள் தன்னிடம் கற்றுக்கொள்ள வந்து நின்றார்கள். அவர்கள் வளர ஒரு நல்ல சூழல் தேவை, அதை யாராவது உருவாக்க வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது.

கவனியுங்கள், இந்த மூன்றும் உணர்ச்சிப் பேச்சு அல்ல. 1942-ல் நாடே வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கொதித்தபோதும் பாபா மேடையேறவில்லை, சிறைக்கும் போகவில்லை. கோட்டு சூட்டும் மேற்கத்திய இசையும் அப்படியே தொடர்ந்தன. நாட்டைப் பற்றிய பார்வை மாறுவதற்குத் தன் ருசிகளைக் கைவிட வேண்டும் என்ற அவசியம் அவருக்கு வரவில்லை. அவர் பழைய அடையாளத்தின் மேல் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒரு கடிதம், ஒரு நிபந்தனை

போரின் பிற்பகுதியில் அவர் எழுதிய கடிதங்களில் மாற்றம் வெளிப்படையாகவே தெரிகிறது. கேம்பிரிட்ஜ், பிரின்ஸ்டன் போன்ற இடங்களின் சூழல் அன்றைய இந்தியாவில் எங்குமே இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. உரிய மதிப்பும் பண உதவியும் கிடைத்தால், சொந்த நாட்டில் இருந்து அதற்கு நிகரான இடங்களைக் கட்டுவது தன் கடமை என்ற முடிவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார்.

இந்தக் கடமைப் பேச்சைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். அதற்கு முன்னால் இருக்கும் கிடைத்தால் என்ற சொல்லை விட்டுவிடுவார்கள். பாபாவின் முடிவு நிபந்தனையோடு வந்த முடிவு. நாடு எப்படி இருந்தாலும் சகிச்சுக்கிட்டு இரு என்று அவர் தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை, மற்றவர்களுக்கும் சொல்லவில்லை. என்ன கிடைத்தால் இருப்பேன் என்று தெளிவாகக் கேட்டார்.

1944 மார்ச் 12 அன்று, சர் டோராப்ஜி டாடா அறக்கட்டளையின் தலைவர் சோராப் சக்லத்வாலாவுக்கு பெங்களூரிலிருந்து அவர் எழுதிய கடிதம் அப்படிப்பட்ட கேட்புதான். அடிப்படை இயற்பியலுக்கு ஒரு தனி நிறுவனம் வேண்டும் என்றார். இன்னும் ஓரிரு பத்தாண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, வல்லுநர்களைத் தேடி இந்தியா வெளியே போக வேண்டியிருக்காது என்று வாதிட்டார். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு 17 மாதங்களுக்கு முன்பு எழுதிய கடிதம் இது.

அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. 1945 ஜூனில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அதாவது டி.ஐ.எஃப்.ஆர்., பெங்களூரு வளாகத்திலேயே வேலையைத் தொடங்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பம்பாய்க்கு, பெடர் ரோட்டில் இருந்த கெனில்வொர்த் பங்களாவுக்கு இடம் மாறியது.

அதே வயது, வேறு முடிவு

இங்கே இன்னொரு பெயரைச் சொல்லியே ஆகணும். சுப்பிரமணியன் சந்திரசேகர். ராமனின் அண்ணன் மகன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், பாபாவைவிட ஒரு வயது இளையவர். 1930-ல் கேம்பிரிட்ஜ் போனார். பாபாவுக்கும் அவருக்கும் ஆய்வு வழிகாட்டி ஒரே ஆள்தான், ஆர்.எச்.ஃபௌலர். பாபா தன் புதிய நிறுவனத்துக்கு அவரை அழைத்தார். சந்திரசேகர் வரவில்லை. 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர், 1953-ல் அமெரிக்கக் குடிமகனானார், 1983-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஹரீஷ் சந்திராவும் 1945-ல் டிராக்கிடம் படிக்க கேம்பிரிட்ஜ் போனார். கணிதத்துக்கு மாறினார், அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். சாராபாய் போரின் முடிவில் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு, 1947-ல் திரும்பிவந்து அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார்.

யார் செய்தது சரி? கேள்வியே தப்பு. சந்திரசேகருக்குத் தேவைப்பட்டது அமைதியான மேசையும் நல்ல மாணவர்களும். அது சிகாகோவில் கிடைத்தது. பாபாவுக்குக் கட்டி எழுப்பும் வேலையே ஒரு கட்டத்தில் ஆராய்ச்சியைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பாபா நிதி கேட்டது தன் அத்தை வீட்டுக்காரர் பெயரில் இருந்த அறக்கட்டளையிடம். திரும்பி வந்த எல்லாருக்கும் டாடா மாமா இருந்ததில்லை. இதைச் சொல்லாமல் பாபாவை முன்னுதாரணமாகக் காட்டுவது நியாயமாகாது.

அடுத்தவர்களுக்கும் அதே நிபந்தனை

பாபாவின் பிற்கால வாழ்க்கை பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவர், 1955-ல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. அணுசக்தி மாநாட்டின் தலைவர், 1956-ல் டிராம்பேயில் அப்சரா அணு உலை. ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானது வேறு. தனக்குக் கிடைத்த அந்தக் கிடைத்தால் என்ற வசதியை அவர் மற்றவர்களுக்கும் உண்டாக்கப் பார்த்தார். நாற்காலியைப் போட்டுவிட்டு ஆள் தேடாமல், ஆளைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றி வேலையை அமைப்பது அவர் பாணி.

சென்னையில் பிறந்த ஆர்.நரசிம்மன் அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்து 1954-ல் டி.ஐ.எஃப்.ஆரில் சேர்ந்தார். அவருடைய குழு கட்டிய டிஃப்ராக் கணினி 1960-ல் இயங்கத் தொடங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட ஆரம்பகால மின்னணுக் கணினி அது. பெங்களூரின் ஐ.டி. பூங்காக்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பு!

நஞ்சன்கூட்டில் பிறந்த பி.வி.ஸ்ரீகண்டன், காஸ்மிக் கதிர்க் கருவிகளோடு கோலார் தங்க வயலுக்குள் இறங்கினார். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கம் அது. அந்த ஆழத்தில்தான், 1965-ல், ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து டி.ஐ.எஃப்.ஆர். குழு வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தது. பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில்!

1961-ல் வெளிநாடுகளில் இருந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள், ஒரு குழுவாகத் திரும்பி வர விரும்புவதாக எழுதினார்கள். பாபா 1962 ஜனவரியில் தந்தி அடித்துச் சம்மதம் சொன்னார். அவர்களில் கோவிந்த் ஸ்வரூப் 1963-ல் வந்து சேர்ந்தார்.

விமர்சனங்கள் இல்லையா?

இருந்தன, அன்றைக்கே. இயற்பியலாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான மேக்நாத் சாஹா, பணமும் திறமையும் தனி நிறுவனங்களுக்குப் போனால் பல்கலைக்கழகங்கள் வறண்டுபோகும் என்றார். அணுசக்தித் துறையைச் சுற்றி எழுப்பப்பட்ட ரகசியச் சுவரையும் எதிர்த்தார். அதிகாரம் ஒருவர் கையில் குவிந்தது உண்மை. நேருவிடம் நேரடியாகப் பேசக்கூடிய ஒருவரிடம் கேள்வி கேட்க ஆள் குறைவு. கல்பாக்கம், கூடங்குளம் விவகாரங்களில் வெளிப்படைத்தன்மை பற்றித் தமிழ்நாட்டில் எழும் கேள்விகளுக்கும் அந்தக் காலத்திலேயே வேர் இருக்கிறது.

நாட்டுக்காகக் கட்டுகிறேன் என்று ஆரம்பிக்கும் ஒருவருக்கு, தான் கட்டியதே நாடு என்று தோன்றிவிடும் ஆபத்து உண்டு. வயது கூடும்போது வரும் மாற்றங்களில் இதுவும் ஒன்று.

1966 ஜனவரி 24 அன்று, வியன்னாவில் நடக்கவிருந்த கூட்டத்துக்குப் போகும் வழியில், ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் மோதியது. 117 பேர் இறந்தார்கள். அவர்களில் பாபாவும் ஒருவர். வயது 56.

இன்று மிச்சம் இருப்பது

1945-ல் பெங்களூரைவிட்டுப் போன டி.ஐ.எஃப்.ஆருக்கு இன்று இந்த ஊரிலேயே மையங்கள் இருக்கின்றன. ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேசிய உயிரி அறிவியல் மையம், ஹெசரகட்டா பக்கத்தில் கோட்பாட்டு அறிவியலுக்கான சர்வதேச மையம். வெளிநாட்டில் ஆய்வு முடித்துத் திரும்பிய பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

கோவிந்த் ஸ்வரூப் தன் தொலைநோக்கிக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஊட்டிக்கு அருகில் உள்ள முத்தோரை. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த ஆன்டெனா, வடக்கு தெற்காகச் சரியும் மலைச்சரிவில் படுத்திருக்கிறது. அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். அதனால் ஆன்டெனாவின் அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே திசையில் மெதுவாகத் திருப்பினாலே போதும், வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நாட்டில்தான் இப்படி ஒரு மலைச்சரிவு சுலபமாக வாய்க்கும்.

பெங்களூரில் பாபா காஸ்மிக் கதிர்களை அளந்தபோது கற்றுக்கொண்டதும் இதைத்தான். இந்த ஊரில் என்ன இல்லை என்ற பட்டியல் நீளமானது, அது அவருக்கும் தெரியும். இங்கே மட்டும் என்ன முடியும் என்று கேட்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 30-ஐத் தாண்டியிருந்தது. 1970-ல் இயங்கத் தொடங்கிய அந்த ஊட்டி தொலைநோக்கியைப் பார்க்க பாபா உயிரோடு இல்லை. அடுத்த முறை ஊட்டிக்குப் போனால், நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.